குளத்துக்கும் வெயில் காட்ட வேண்டும்

2021 புரட்டாசியில் ஒரு விடியற்காலை. எங்கள் ஊர்க் குளத்தின் படித்துறையில் கால் வைத்ததும் தண்ணீர் முழுக்க வாய்கள்தான் தெரிந்தன. கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் பாதி செத்து மிதந்தன. இரண்டு நாள் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு. யாரும் கலக்கவில்லை. மூன்று நாளாக மூட்டம், முந்தின இரவு நல்ல மழை. அடியில் கிடந்த அழுகல் சேறு கலங்கி, தண்ணீரில் இருந்த கொஞ்ச நஞ்சப் பிராணவாயுவையும் தின்றுவிட்டது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. குளம் ஒன்பது மா, ஏக்கர் கணக்கில் மூன்று. மனிதர்கள் வெட்டிய குளம்தான். வெட்டிய மண்ணைக் கொட்டித்தான் ஊர்த் திடலை உயர்த்தினார்கள் என்று தாத்தா சொல்வார். நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். குளத்தை இறைத்துச் சீர்செய்தபோதும் செலவு நோட்டு என்னிடம்தான் இருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குளத்தை எப்படி இறைத்துச் சீர்செய்தீர்கள் என்று பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் கேட்டார்கள், அவர்களுக்கும் இது உதவும்.

என் சின்ன வயதில் ஒவ்வொரு பங்குனியிலும் குளத்தை இறைப்பார்கள். வழக்கமாக ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவார்கள், ஆறு வற்றும், குளமும் இறங்கும். மிச்சத்தை இறைத்துவிட்டால் ஏலம் எடுத்தவர் முதலில் வலை இழுப்பார். அவர் கரையேறியதும் ஊர் முழுக்க ஊத்தாவோடு, அதாவது மீன் கவிழ்க்கும் அடியில்லாத கூடையோடு, இறங்கும். அதற்கப்புறம் ஒரு மாதம் குளம் வெறும் வெடிப்பாகக் கிடக்கும், பிள்ளைகள் அதில் கபடி விளையாடுவோம். பிறகு பக்கத்தில் போர்வெல் வந்தது. கோடையிலும் தண்ணீர் விட்டு வருஷம் முழுக்க மீன் வளர்க்கலாம் என்றதும் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலத்தொகை ஏறியது. பஞ்சாயத்துக்கும் அது நல்லதாகப் பட்டது. அப்படிப் பதினைந்து வருஷம் குளம் ஒருமுறைகூட வற்றவில்லை. போட்ட தீனி, இலை, தழை, ஆகாயத்தாமரை எல்லாம் அடியில் போய் அழுகின.

ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் வைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எழுபத்தைந்து வயதுக்கு மேல். மீன் செத்த அன்று படித்துறையில் உட்கார்ந்து சொன்னார்: "விதைநெல்லுக்கு வெயில் காட்டறோம்ல ஆயி, குளத்துக்கும் வருஷத்துக்கு ஒரு தடவ காட்டணும். காட்டாம மூடி வெச்சா பூசணம் புடிக்கத்தான் செய்யும்." இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. ஈரத்திலேயே கிடக்கும் சேறு மட்கி முடிவதில்லை, புளித்துக்கொண்டே கிடக்கிறது. காற்றும் வெயிலும் பட்டால்தான் அந்த அழுகல் வாயுக்கள் போய் மண் மறுபடி மண்ணாகிறது.

கிராமசபையில் தீர்மானம் போட்டோம். நில அளவைப் புலப்படத்தை வைத்து அளந்ததில் தண்ணீர் நிற்கும் பரப்பு இரண்டரை ஏக்கர்தான் இருந்தது. மீதி அரை ஏக்கரை வேலிகள் மெல்லத் தின்றிருந்தன. அந்தச் சண்டையை விவரமாக எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இறைப்பதற்கு முன்னாலேயே அளந்து கல் நட்டுவிடுங்கள். வண்டி வந்து நிற்கும்போது எல்லைத் தகராறு வந்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

2022 மாசியில் ஆரம்பித்தோம். அது அவசரம், முதல் தப்பும் அதுதான். சம்பா அறுவடைக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். மாசியில் அது பூ, பிஞ்சாக நிற்கும். தண்ணீர் தேங்கினால் இரண்டு நாளில் மஞ்சளாகிவிடும். நாங்கள் வடிமதகைத் திறந்துவிட்டோம். வடிகாலில் எங்கே அடைப்பு இருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. காட்டாமணக்கு அடைத்த ஓரிடத்தில் தண்ணீர் கரை தாண்டி இரண்டு மா உளுந்தில் ஏறிவிட்டது. அந்த அண்ணன் சண்டைகூடப் போடவில்லை, வரப்பில் வந்து பேசாமல் நின்றார். அதுதான் மனதை அறுத்தது. விளைச்சல் கணக்குப் போட்டு நஷ்டத்தைக் கொடுத்தோம். மதகைத் தொடுவதற்கு முன்னால், தண்ணீர் போய்ச்சேரும் கடைசி இடம்வரை வடிகால் ஓரமாக ஒருமுறை நடந்துவிடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பயறு எடுக்கும்வரை நிறுத்திவைத்தோம். மறுபடி பங்குனியில் தொடங்கினோம்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கரில் ஓரடித் தண்ணீர் என்றால் சுமார் 12 லட்சம் லிட்டர். இரண்டரை ஏக்கரில் சராசரி நாலடி, ஆக ஏறக்குறைய ஒன்றேகால் கோடி லிட்டர். பாதி மதகு வழியாகத் தானே வடிந்தது. மீதிக்கு இரண்டு ஆயில் இன்ஜின் வைத்தோம். ஒவ்வொன்றும் மணிக்கு ஐம்பதாயிரம் லிட்டர் தள்ளியது. இரவும் பகலும் ஓட்டினால் இரண்டரை நாளில் முடியும் என்று கணக்குப் போட்டோம், அப்படியே ஓட்டினோம். மூன்றாம் நாள் காலை மேற்குக் கரை முப்பதடி நீளத்துக்குச் சரிந்து குளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு தென்னையும் அதோடு போயின.

கரை பதினைந்து வருஷமாக ஊறிப்போன மண். குளத்தில் நின்ற தண்ணீர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் திடீரென்று அதை எடுத்துவிட்டோம். கரைக்குள் ஊறிய தண்ணீர் வெளியேற நேரம் கொடுக்கவில்லை, அது உள்ளிருந்து தள்ளியது. நாளுக்கு அரை அடி, அதற்கு மேல் இறக்காதீர்கள். இரவில் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். இது இப்போது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் எங்கிருந்தோ செய்தி போனது மாதிரி மடையானும் நாரையும் வந்து குவிந்தன. வடுவூர் ஏரிப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று பையன்கள் சொன்னார்கள். அந்த ஏரி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். மனிதர் வெட்டிய ஏரிக்கு உலக அளவில் மரியாதை கிடைத்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மீன் பிடிப்பதை அவசரமாக முடிக்க வேண்டும், ஆனால் கலக்கிவிடக் கூடாது. பத்துப் பேர் இறங்கி மிதித்தால் சேறு கிளம்பி மீன் அங்கேயே செத்துவிடும். விடியற்காலை குளிர்ச்சியில் இழுவலை போட்டு, பெரியதை எல்லாம் எடுத்த பிறகுதான் ஊத்தாக்காரர்களை விட்டோம். நாட்டு மீன்களைத் தனியாகப் பொறுக்கினோம். விரால், குரவை, அயிரை, உளுவை, சேல் கெண்டை எல்லாவற்றையும் அண்டாவில் அள்ளி, பிள்ளையார் கோயில் குட்டையில் கொண்டுபோய் விட்டோம். இந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். அன்று அள்ளிப்போட்ட விராலின் குஞ்சுகள்தான் இன்று குளத்தில் ஓடுகின்றன என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

சேற்றில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் செருப்பு வேண்டும். பாட்டில் உடைசல் அவ்வளவு இருந்தது. நாலு பேருக்குக் கால் கிழிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி போட்டு வந்தோம்.

வலையில் சிக்காமல் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான் பெரிய தலைவலி. வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட மீன் அது. எப்படி உள்ளே வந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்றிரண்டு மிஞ்சினாலும் அடுத்து விடும் குஞ்சுகளை எல்லாம் விழுங்கிவிடும். அதற்கு நம் பழைய மருந்தே போதும், இலுப்பைப் புண்ணாக்கு. கடைசியாகத் தண்ணீர் நின்ற பள்ளம் பத்து சென்ட், ஓரடி ஆழம். முப்பது கிலோ புண்ணாக்கை இரவு ஊறவைத்து, காலையில் கரைத்துப் பரவலாகத் தெளித்தோம். இரண்டு மணி நேரத்தில் மேலே வந்துவிட்டன. ஓர் ஏக்கரில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு டன் வேண்டும். அதனால்தான் முதலில் வடித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் போடச் சொல்கிறேன். அதன் விஷம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அப்புறம் அதுவே உரம். அதுவரை மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பிறகு சும்மா இருந்தோம். மூன்று வாரம். சேற்றில் மேலாக ஓர் ஆடை காய்ந்து, வெடித்து, வெடிப்பில் நாலு விரல் போகிற அளவுக்கு வந்தது. முதல் வாரம் அடித்த நாற்றத்துக்குப் படித்துறைத் தெருவில் யாரும் ஜன்னல் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் புதுமண் வாசனை வந்தது. இந்த மூன்று வாரத்தைச் சுருக்கச் சொல்லி நிறையப் பேர் நெருக்கினார்கள். நல்லவேளை, கேட்கவில்லை.

அடுத்து தூர் எடுப்பது. வண்டல் எடுக்க அனுமதி வாங்கியிருந்தோம். இப்போது வட்டாட்சியர் அளவிலேயே இந்த அனுமதி கிடைக்கிறது. நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 என்று அளவு உண்டு. 2018இல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன தோப்புகளில் புதுக் கன்றுகள் வைத்திருந்தார்கள், பாதி மண் அங்கேதான் போனது. அள்ளிய கையோடு கன்றின் தூரில் கொட்டாதீர்கள். ஒரு மாதம் குவித்துப் போட்டு ஆறவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் பெரிய தப்பு நடந்தது. ஜேசிபிக்கு அப்போது மணிக்கு 1,200 ரூபாய். கோடையில் மீன் ஒதுங்க ஓர் ஆழமான மடு வேண்டும் என்று வடகிழக்கு மூலையில் இன்னும் தோண்டு, இன்னும் தோண்டு என்று நாங்களே சொன்னோம். ஓட்டுநர் தம்பி சொன்னதைச் செய்தார். கறுப்புச் சேறு முடிந்தது, அதற்கடியில் சாம்பல் நிறக் களி வந்தது, அதையும் மூன்றடி எடுத்தாயிற்று. அடுத்த வாளியில் வெள்ளையாக மணல் வந்தது. கரையில் நின்ற பையன்கள் மணல், மணல் என்று குதித்தார்கள். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தார். "ஆயி, வண்டிய நிப்பாட்டச் சொல்லு. குளத்தோட வயித்தக் கிழிச்சிட்டீங்க."

ஆறு காலகாலமாக இடம் மாறி மாறி ஓடிப் படிந்த பூமி இது. எங்கள் பக்கத்துக் களிக்கு அடியில் எந்த ஆழத்திலும் மணல் இருக்கலாம். களி இருக்கும்வரைதான் அது குளம். மணல் தெரிந்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கறுப்புச் சேறு முடிந்து களி தொடங்குகிற இடத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் நாலைந்து இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து நாலடிக் குழி எடுத்துப் பார்த்திருந்தால் களி எவ்வளவு கனம் என்று தெரிந்திருக்கும். ஒருநாள் கூலி. அதைச் செய்யாததற்கு நாங்கள் கொடுத்தது ஆறு நாளும் முப்பத்தெட்டாயிரம் ரூபாயும்.

எடுத்துப் போட்ட களியையே திரும்பக் கொண்டுவந்தோம். நல்லவேளை, அது தோப்புக்குப் போகாமல் கரையில் கிடந்தது. அரை அடி பரப்பு, தண்ணீர் தெளி, கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டரை விட்டு நடவு வயல் மாதிரி மசிய உழு, இறுகவிடு. அதன் மேல் இன்னோர் அரை அடி. இப்படி நாலு அடுக்கு. மொத்தமாகக் கொட்டி ஒரே மிதியில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நடுவில் கட்டி கட்டியாக நின்று ஒழுகும்.

நாலாவது அடுக்கு நடந்துகொண்டிருந்தபோது மேட்டூர் திறக்கும் செய்தி வந்தது. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12தான் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்த தேதி. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் மேட்டூரைத் திறந்தது அதுவே முதல்முறை. 27ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. விவசாயிக்கு நல்ல சேதி, நாங்களும் விவசாயிகள்தான். ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை நாங்கள் தொடவே இல்லை. குழியைச் சுத்தம் செய்வதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது. நானூறு மீட்டருக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் முழுக்க மண். நூறு நாள் வேலைக்காரர்களும் எங்கள் குழுப் பெண்களும் சேர்ந்து ஆறு நாளில் வெட்டினார்கள். காட்டாமணக்கை வெட்டிக் கரையில் போட்டால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, வெயிலில் காயவைத்து எரிக்க வேண்டும். திரும்பச் செய்வதாக இருந்தால் வாய்க்கால்தான் எனக்கு முதல் வேலை, குளம் அதற்கப்புறம்.

அந்த அவசரத்திலும் சுண்ணாம்பை விடவில்லை. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் காரஅமில நிலை (pH) 7.3. அதற்கு ஏக்கருக்கு 200 கிலோ, மொத்தம் ஐந்நூறு. புளிப்பு மண்ணாக இருந்தால் இதைப்போல இரண்டு மடங்கு கேட்கும், அதனால் எங்கள் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று இல்லாத காலை நேரத்தில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு தூவினோம்.

ஜூன் முதல் வாரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் நாள் தண்ணீரைக் குளத்துக்குள் விடவில்லை. அது வழியில் இருந்த பிளாஸ்டிக், செத்தை, ஆகாயத்தாமரைக் குட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும். அது போகட்டும் என்று விட்டு, மறுநாள் மூங்கில் தட்டியும் நைலான் வலையும் கட்டித் திறந்தோம். ஓரடி மட்டும் நிரப்பி நிறுத்தினோம்.

மணல் தெரிந்த இடம் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. அடையாளம் போட்ட கழி ஒன்றைக் குளத்தில் நட்டு, பக்கத்திலேயே ஒரு வாளி நிறையத் தண்ணீரை, கால்வாசி குளத்து நீரில் மூழ்குகிற மாதிரி வைக்க வேண்டும். வெயிலுக்கு இரண்டும் குறையும். வாளியில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்தால் அது ஒழுகல். ஐந்து நாள் பார்த்தோம். முதல் இரண்டு நாள் குளத்தில் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது. எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து இரண்டும் ஒன்றாக இறங்கின. பெரியவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "பால் கட்டிடுச்சு" என்றார்.

சாணம் ஏக்கருக்கு ஒரு டன் கரைத்துவிட்டோம். பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் லேசாகப் பச்சை பிடித்தது. கையை முழங்கைவரை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. ஆவணியில் ஐயாயிரம் குஞ்சு விட்டோம், கட்லா 2000, ரோகும் மிர்காலும் 1500 வீதம். கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம், ஒன்றின் சாப்பாட்டில் ஒன்று கை வைக்காது. குஞ்சு விரல் நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னது விலை குறைவு, ஆனால் பாதியைக் குரவையே தின்றுவிடும். பையை அவிழ்க்காமல் இருபது நிமிஷம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்து நீரைப் பைக்குள் விட்டு, தானாக நீந்திப் போகும்படி விட்டோம்.

ஐப்பசி மழை அந்த வருஷம் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. இருந்தாலும் வடிமதகில் கட்டிய வலையில் குப்பை அடைத்துத் தண்ணீர் கரைவரை ஏறிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு போய் வழித்துவிட்டோம். மழைக்காலத்தில் அந்த வலைக்கு முறை போட்டு ஆள் வைக்க வேண்டும்.

2023 பங்குனியில் மறுபடி இறைத்தோம். நாளுக்கு அரை அடி. கரை அசையவில்லை. ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் மீன் கிடைத்தது. ஏலத்தொகை முன்பைவிடக் குறைவுதான், கோடையில் குளம் மூன்று வாரம் காயும் என்பதை நிபந்தனையாகவே எழுதிவிட்டோம். அதற்குச் சம்மதிக்காதவர்கள் ஏலத்துக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இரண்டாம் முறை சேறு ஒரு சாண்கூட இல்லை, ஜேசிபியைக் கூப்பிடவே இல்லை.

இந்த வருஷமும் பங்குனிக்கு இன்ஜின் சொல்லியாயிற்று. நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை. உளுந்து மூழ்கிய அந்த அண்ணன் இந்தத் தடவை ஒரு வாரம் தள்ளித் தெளித்திருக்கிறார். அவர் எடுத்து முடித்து, களத்துக்குக் கொண்டுபோன பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். அதுவரை மதகுச் சாவி அவரிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.